கடலில் தந்தை, கரையில் குடும்பம்

கடற்படை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? வெண்ணிறச் சீருடை, முழங்கும் பீரங்கி, அணிவகுத்துச் செல்லும் போர்க்கப்பல்கள்! ஆனால் அக்கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும்போது, கரையில் நின்று கையசைக்கும் தாயையும் குழந்தைகளையும் நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. மாதக்கணக்கில் பிரிந்து வாழும் இவ்விரு சாராரின் மனநலத்தையும் ஆன்ம நலத்தையும் பேணுவதற்கென்றே ஒரு தொண்டு உண்டு. நீண்ட கடற்படை மரபுடைய பிரிட்டனில் அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இங்கே காண்போம்.

கடிதத்தில் பிறந்த தொண்டு

இத்தொண்டின் வரலாற்றில் ஒரு பெண்மணியின் பெயர் முன்னிற்கிறது. ஆக்னஸ் வெஸ்டன் என்பது அவர் பெயர். 1840இல் லண்டனில் பிறந்த இவர், 1868இல் கப்பலேறி அயல்நாடு சென்ற போர்வீரர் ஒருவருக்கு ஆறுதல் கடிதம் ஒன்று எழுதினார். அவ்வீரர் அதைக் கப்பலில் பணிபுரிந்த ஒருவரிடம் காட்டினார். படித்தவரோ, தமக்கும் இப்படி ஒரு கடிதம் எழுத யாரேனும் இருக்கமாட்டார்களா என்று ஏங்கினார். அவருக்கும் ஆக்னஸ் எழுதினார். ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, கையால் எழுதி மாளாத நிலை வந்தபோது, மாதந்தோறும் கடிதத்தை அச்சிட்டுக் கப்பல்களுக்கு அனுப்பலானார்.

அக்காலத்தில் பல மாதச் சம்பளத்துடன் கரையிறங்கும் மாலுமியை எதிர்கொண்டு அழைத்தவை மதுக்கடைகளே. பணம் ஓரிரு நாளில் கரைந்துவிடும். வீட்டில் அடுப்பு எரியாது. தங்குவதற்கு ஒரு நல்ல இடம் வேண்டுமென மாலுமிகளே கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஆக்னஸும் அவருடைய தோழி சோஃபியா விண்ட்ஸும் 1876இல் டெவன்போர்ட் துறைமுகத்தின் வாயிலருகே மாலுமிகள் இல்லம் ஒன்றைத் திறந்தனர். நல்ல உணவு, தூய படுக்கை, அன்பான ஒரு சொல் ஆகியவை அங்கே கிடைத்தன. அவர்கள் ஆக்னஸை 'அன்னை வெஸ்டன்' என்றே அழைத்தார்கள். 1918இல் அவர் இறந்தபோது கடற்படை தன் முழு மரியாதையுடன் அவரை அடக்கம் செய்தது. பீரங்கியைத் தொட்டறியாத ஒரு பெண்ணுக்குக் கிடைத்த பெருமை இது!

பதவி இல்லாத குரு

கப்பலுக்குள் இப்பணியைச் செய்பவர் சாப்ளின் எனப்படும் ஆன்ம குரு. வழிபாடு நடத்துவது மட்டுமே இவர் வேலையன்று. மாலுமிகளோடு உண்டு, உறங்கி, அவர்கள் படும் அலைச்சலைத் தாமும் படுகிறார். பிரிட்டிஷ் கடற்படையில் இவருக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. தரைப்படையிலும் விமானப்படையிலும் உள்ள குருக்களைப் போல இவருக்குப் படைப்பதவி கிடையாது. தம்முடன் பேசுபவர் எந்தப் பதவியிலிருக்கிறாரோ, அதே பதவியில் தாமும் இருப்பதாகவே கொள்ளப்படுகிறார். தளபதியிடம் பேசும்போது தளபதி. புதிதாகச் சேர்ந்த இளைஞனிடம் பேசும்போது அவனுக்குச் சமமானவர். மேலதிகாரியிடம் சொல்ல அஞ்சும் மனக்குறையை இவரிடம் அச்சமின்றிச் சொல்லலாம் அல்லவா? கத்தோலிக்கரும் பிற சபையினரும் இப்பணியில் உள்ளனர். 2005 முதல் இந்து, இஸ்லாம், சீக்கிய, பௌத்த சமயத்தாருக்கும் பிரிட்டிஷ் படைகளில் ஆன்ம வழிகாட்டிகள் நியமிக்கப்பட்டுள்ளனர்.

பதில் வராத செய்தி

பிரிவுத் துன்பம் மிகக் கடுமையாக இருப்பது நீர்மூழ்கிக் கப்பலில்தான். 1969 ஏப்ரல் முதல் அணு ஏவுகணை தாங்கிய பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்றேனும் எப்போதும் கடலடியில் மறைந்திருக்கிறது. மூன்று மாதம், சில வேளைகளில் ஐந்து மாதத்துக்கு மேலும் அது வெளிவராது. செய்தி அனுப்பினால் இருக்குமிடம் தெரிந்துவிடும் என்பதால் அங்கிருந்து ஒரு சொல்லும் வராது. கரையிலிருந்து மட்டும் வாரம் ஒருமுறை சிறு குடும்பச் செய்தி செல்லும். முன்பு அதற்கு 40 சொற்களே அனுமதி. பின்னர் 120 சொற்களாயிற்று. குழந்தைக்குப் பல் முளைத்ததை எழுதலாம். குழந்தை காய்ச்சலில் கிடப்பதை எழுத இயலாது. கவலை தரும் செய்திகளை அதிகாரிகள் படித்து நிறுத்திவிடுவார்கள். குடும்பத்தில் ஒருவர் இறந்தால் தமக்கு உடனே தெரிவிக்க வேண்டுமா, திரும்பிய பின் தெரிவிக்கலாமா என்பதைப் புறப்படுமுன்பே ஒவ்வொரு வீரரும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் அந்தத் துன்பத்தைச் சுமப்பவர் யார்? கரையிலிருக்கும் மனைவிதான். தன் கண்ணீரைக் கணவனுக்குக் காட்டாமல், பிள்ளைகளுக்கும் மறைத்து, அவளே தாங்கவேண்டும். ஆகவேதான் கரையிலும் துணை தேவைப்படுகிறது. ஆக்னஸ் தொடங்கிய தொண்டு இன்று 'அக்கீஸ்' என்ற பெயரில், கடற்படைத் தளங்களில் ஆன்ம குருக்களோடு இணைந்து பணியாற்றுகிறது. அதன் தொண்டர்கள் குடும்பத்தார் ஒன்றுகூட வழி செய்கிறார்கள். தனித்திருப்போரின் மனக்குறையைப் பொறுமையுடன் கேட்கிறார்கள்.

அவர்களின் பணிகளில் நம் உள்ளத்தைத் தொடுவது ஒன்று உண்டு. கடலுக்குச் செல்லும் தந்தையோ தாயோ ஒரு கதைப் புத்தகத்தைப் படிக்க, அக்குரலைப் பதிவு செய்து, இசையும் ஒலிகளும் சேர்த்துக் குழந்தைக்கு அனுப்புகிறார்கள். தந்தை ஆயிரம் மைலுக்கப்பால் இருந்தாலும், இரவில் அவர் குரலிலேயே கதை கேட்டுக் குழந்தை உறங்குகிறது.

நாம் செய்யக்கூடியது

அன்பு மாணவியரே! நம்மிடையேயும் தந்தை கடலிலோ, எல்லையிலோ, அயல்நாட்டிலோ பணிபுரியும் தோழியர் இருக்கக்கூடும். பெற்றோர் கூடும் நாளில் அவர்களுக்காகத் தாய் மட்டும் வருவார். சில வேளை பாட்டி வருவார். இத்தகைய தோழிக்கு நம்மால் பெரிய உதவி செய்ய இயலாமற்போகலாம். ஆனால் அருகில் அமர்ந்து, "அப்பாவிடமிருந்து ஏதேனும் செய்தி வந்ததா?" என்று அன்புடன் விசாரிக்க நம்மால் முடியும். கடற்படை முழுவதும் அன்னையெனப் போற்றிய ஆக்னஸ் அம்மையாரின் தொண்டும் ஒரேயொரு கடிதத்தில்தானே தொடங்கியது! நாமும் ஓர் அன்புச் சொல்லில் தொடங்குவோம்.