ஞாயிற்றுக்கிழமையும் ஓடிய மோட்டார்

கம்ப்யூட்டர் என்றதும் உங்களுக்கு மானிட்டரும் கீபோர்டும் மவுசும்தான் நினைவுக்கு வரும். தொழிற்சாலையில் இருக்கும் கம்ப்யூட்டர் பலவற்றுக்கு இவை எதுவுமே கிடையாது. பி.எல்.சி. எனப்படும் சிறிய பெட்டிதான் அங்கே கம்ப்யூட்டர். சென்சார்கள் தரும் அளவுகளைப் படித்து மோட்டார்களை ஓட்டுவதும் நிறுத்துவதும் அதன் வேலை. அந்த அளவுகளைத் திரையில் காட்டும் சாஃப்ட்வேரை ஸ்கேடா என்பார்கள். அதை எழுதுவது என் வேலை.

சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டிக்குச் சற்று முன்பு வருவது புதுவாயல். பெரியபாளையம் சாலை பிரியும் இடம். அங்கே ஒரு சிறிய உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒவ்வொரு மெஷினுக்கும் மின்மீட்டர் பொருத்தி என் சாஃப்ட்வேரோடு இணைத்தேன். முதல் வாரமே ஆச்சரியம். விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமையும் ஏர் கம்ப்ரசர் சராசரியாக 8 கிலோவாட் இழுத்துக்கொண்டிருந்தது! 24 மணி நேரத்துக்கு 192 யூனிட். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. பெருக்கினால், யாரும் வேலை செய்யாத ஒரு நாளில் சுமார் 134 கிலோ.

ஏன் நிறுத்தவில்லை? நிறுத்தினால் திங்கட்கிழமை காற்றழுத்தம் ஏற வெகுநேரம் ஆகிறதாம். குழாய்களில் அவ்வளவு கசிவு.

கிராப்பைப் பெருமையோடு காட்டினேன். பிட்டர் அண்ணன் சிரித்தார். "ஒரு வருஷமா சொல்றேன் தம்பி. சாப்பாட்டு நேரத்துல மெஷின் நிக்கும்போது இங்க வந்து நில்லுங்க, ஸ்ஸுன்னு கேக்கும்." அவர் சொன்னபோது அசையாத நிர்வாகம், கிராப்பைப் பார்த்த மறுநாளே குழாய் மாற்ற ஆள் அனுப்பியது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

அடுத்து புகைபோக்கி விசிறி. அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. என்ற கருவியைப் பொருத்தினோம். உங்கள் விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து 0.8 x 0.8 x 0.8 போடுங்கள். 0.512 வருகிறதா? விசிறியின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்செலவு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்.

புகை, கழிவுநீர் பற்றியும் சொல்ல வேண்டும். அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் ஆன்லைன் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் உத்தரவிட்டது. புகைபோக்கியில் தூசு, கந்தக டை ஆக்சைடு போன்றவற்றை அளந்து, இன்டர்நெட் வழியாக வாரியத்தின் சர்வருக்கு அனுப்பும் ஏற்பாடு இது. நல்லதுதான். ஆனால் புகைபோக்கிக்குள் வரும் புகையைத்தான் சென்சார் பார்க்கும். பழைய இரும்பை உருக்கும்போது உலையின் மூடியைத் தப்பி, கூரை இடுக்கு வழியாகப் போகும் புகை எந்தக் கிராப்பிலும் வராது. பக்கத்துத் தெருவில் துணி காயப்போட்டவருக்குத்தான் அது தெரியும்.

என் சாஃப்ட்வேரின் புதிய வெர்ஷனில் கிராப்புக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். காதில் கேட்டதையும் கண்ணில் பட்டதையும் தொழிலாளர்கள் தமிழிலேயே டைப் செய்யலாம். முதல் பதிவு பிட்டர் அண்ணனுடையது: "மூணாவது வால்வுலயும் கசியுது."