வந்தானா, வந்தாளா, வந்தாரா?

உயர்நிலைப் பள்ளியில் திணை, பால், எண், இடம் என்று படித்தபோது அது தேர்வோடு முடிந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருப்போம். எழுவாய்க்கும் பயனிலைக்கும் பொருத்தம் இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான்.

என் பல்கலைக்கழகத் தோழி ஒருவருக்கோ அந்தக் கடைசி விகுதிதான் அன்றாடப் பிரச்சினை. பிறந்தபோது ஆண் என்று பதிவு செய்யப்பட்டவர். இப்போது 20 வயதில் பெண்ணாக வாழ்கிறார். பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு தம்மைப் பற்றி எழுதச் சம்மதித்தார்.

ஆங்கிலத்தில் ‘ஹி’, ‘ஷி’ என்று சொல்லாமல் பெயரை மட்டும் சொல்லித் தப்பித்துவிடலாம். மலாயில் ‘டியா’ என்றால் ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். மாண்டரினில் எழுதும்போதுதான் வேறுபாடு. பேச்சில் இருவருக்கும் ஒரே ஒலி. தமிழில் தப்பிக்க வழியில்லை. ‘சாப்பிட்டான், குளிச்சான், படுத்துட்டான்’ என்று அம்மா தொலைபேசியில் பெரியம்மாவிடம் சொல்லும்போது, பெயரே வராத அந்த வாக்கியத்தில் மூன்று முறை அவர் ஆணாகிவிடுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், நேருக்கு நேர் பேசும்போது இந்தச் சிக்கல் குறைவு. ‘வந்தேன்’, ‘வந்தாய்’ என்பவற்றில் பால் கிடையாது. ‘தம்பி’, ‘டா’ போன்றவை வராதவரை பிழைத்துக்கொள்ளலாம். பக்கத்து அறையில் தம்மைப் பற்றி மற்றவர்கள் பேசுவதுதான் காதில் விழுந்து வலிக்கும் என்கிறார்.

அப்படியானால் எல்லாரும் ‘அவர்’, ‘வந்தார்’ என்று சொல்லிவிடலாமே என்று கேட்டேன். இந்தக் கட்டுரையில் நான் செய்வது அதைத்தான். நாளிதழ்த் தமிழுக்கு அது இயல்பு. ஆனால் “என்னை வந்தார், போனார்னு சொன்னா பிரின்சிபால் மாதிரி இருக்கு” என்று அவர் சிரித்தார். தோழிகள் ‘வாடி’ என்று கூப்பிடுவதுதான் அவருக்குப் பிடிக்கும். மரியாதை சில நேரம் தள்ளி நிற்பதற்கும் வசதியாக இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

கடந்த ஓராண்டாக அவருடைய அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். ‘பிள்ளை சாப்பிட்டுச்சா?’, ‘பிள்ளை இன்னும் வரலையே’ என்கிறார். மகன் என்று சொல்ல மனம் வரவில்லை, மகள் என்று சொல்ல வாய் வரவில்லை. நம் வீடுகளில் குழந்தைகளைக் கொஞ்சும் அதே அஃறிணை முடிவு. தோழிக்கு அது போதுமானதாக இல்லை. ஆனாலும் அம்மா முயல்கிறார் என்பது அவருக்குத் தெரிகிறது.

அதே அஃறிணை எம்ஆர்டியில் வேறு மாதிரி ஒலிக்கும். ஒருமுறை நாங்கள் இருவரும் நின்றிருந்தபோது, எதிரே இருந்த இரண்டு தமிழ் இளையர்கள், “அது எங்க இறங்கும்னு பாரு” என்று பேசிக்கொண்டார்கள். எங்களுக்குத் தமிழ் புரியாது என்று நினைத்தார்களோ, புரியட்டும் என்று நினைத்தார்களோ, தெரியாது. அவர் அடுத்த நிலையத்தில் இறங்கி வேறு ரயிலுக்குக் காத்திருந்தார்.

வெளியே போவதற்கு அவரிடம் ஒரு தனித் திட்டமே உண்டு. எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கழிவறை இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரியும். அது இல்லாத இடத்துக்குப் போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார். வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்தால் குரலும் பெயரும் சந்தேகத்தைக் கிளப்பும். காப்பிக்கடையில் தேநீர் கலக்கும் மாது மட்டும், வரும் பெண்களையெல்லாம் கூப்பிடுவதுபோல் இவரையும் ‘மெய் நியூ’, அதாவது அழகி என்று கூப்பிடுவார். அது வியாபாரப் பேச்சுதான். இருந்தாலும் தோழி வேறு கடைக்குப் போவதில்லை.

பெரிய தடை 15 வயதில் நாம் எல்லாரும் பெறும் அடையாள அட்டை. அதில் உள்ள பாலினத்தை மாற்றச் சிங்கப்பூர் வெகுகாலத்திற்கு முன்பே வழிவிட்டது. 1971ல் அப்போதைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் இங்கு முதல் பாலின மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னம். 1983ல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கச் செய்த குழுவை வழிநடத்தியவரும் அவரே. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அட்டையை மாற்ற 1973ல் அனுமதி கிடைத்தது. 1996ல் அவர்களுடைய திருமணமும் சட்டப்படி ஏற்கப்பட்டது.

ஆனால் அந்த வழி அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டவர்களுக்குத்தான். பணம், உடல்நலம், குடும்பம், விருப்பம் என்று பல காரணங்களால் அதைச் செய்துகொள்ளாதவர்களுக்கு அட்டை ஒன்றும் முகம் ஒன்றுமாகவே ஆண்டுகள் போகின்றன. பலதுறை மருந்தகத்தில் பெயர் சொல்லி அழைக்கும்போது எழுந்து நிற்பதே ஒரு விளக்கம் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது.

இப்போது அவர் வேலைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறார். 2025ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில் வயது, இனம், சமயம், உடற்குறை போன்றவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று இருக்கிறது. பாலின அடையாளம் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே விண்ணப்பத்தில் எந்தப் பெயரை எழுதுவது என்பதை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக யோசிக்கிறார். என் பார்வையில் இது படிப்புக்குச் செலவிட வேண்டிய நேரம்.

கோயிலுக்குப் போவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கு முந்தைய சடங்குகளில் அரவான் களப்பலி இடம்பெறுகிறது. தமிழ்நாட்டில் கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்வது அதே அரவானுக்குத்தான். இது நம் சமூகத்துக்குப் புதிய செய்தி அல்ல. ஆனாலும் யாராவது உறவினர் பார்த்து அம்மாவிடம் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

அடுத்த மாதம் பெரியம்மா மகளுக்குத் திருமணம். என்ன உடுத்துவது என்று வீட்டில் யாரும் பேசவில்லை. சென்ற வாரம் அம்மா தேக்காவிலிருந்து மயில் நிறச் சேலை ஒன்றை வாங்கி வந்து, “பிள்ளைக்குப் பிடிச்ச கலராச்சே” என்று மட்டும் சொல்லி, பையோடு அலமாரிமேல் வைத்தாராம். இரவிக்கை தைக்க இன்னும் கொடுக்கவில்லை.