பகடை வரையும் ஓவியம்

வெள்ளைப் பரப்பில் கறுப்பு நிறச் சிறு கோடுகள். சில கிடையாக, சில நெடுக்காக. சில ஒன்றையொன்று வெட்டிக் கூட்டல் குறிபோல நிற்கின்றன. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு வட்டத்துக்குள் அடங்குகின்றன. வேறொன்றும் இல்லை! ஹாலந்து நாட்டு ஓவியர் பீட் மோன்ட்ரியன் 1917-இல் முடித்த புகழ்பெற்ற ஓவியம் இது. பக்கத்துக்கு 108 செ.மீ. கொண்ட இந்தச் சதுர ஓவியம் ஓட்டர்லோ என்னும் ஊரில் உள்ள க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"இதை நானே வரைந்துவிடுவேனே!" என்கிறீர்களா? அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர் மைக்கேல் நோல் 1964-இல் இதைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தார். கோடுகளின் இடம், நீளம் ஆகியவற்றைத் தற்செயல் எண்களே முடிவு செய்தன. கோடுகள் வட்டத்துக்குள் அடங்க வேண்டும். மேற்புறத்தில் ஒரு பரவளையத்துக்குள் விழுபவை குறுக வேண்டும். இவையே அவர் விதித்த நிபந்தனைகள்.

பின்னர் இரு படங்களின் நகல்களையும் 100 பேரிடம் காட்டினார். கணிப்பொறியின் படம் எது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 விழுக்காட்டினரே. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் பாதிப் பேர் சரியாகச் சொல்லியிருப்பார்களே! அது மட்டுமா? 59 விழுக்காட்டினருக்குக் கணிப்பொறியின் படமே அதிகம் பிடித்திருந்தது. ஒழுங்காகத் தெரிந்த மோன்ட்ரியனின் படத்தை இயந்திரத்தின் வேலை என்றும், சிதறலாக இருந்ததை மனிதக் கற்பனை என்றும் பலர் எண்ணிவிட்டார்கள் போலும்.

கணிப்பொறி இல்லாமலே இதை நீங்கள் செய்யலாம். 20 செ.மீ. சதுரமுள்ள வரைபடத் தாளில் 10 செ.மீ. ஆரமுள்ள வட்டம் ஒன்றைப் பென்சிலால் போடுங்கள். 0 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுங்கள். திரும்பப் போட்டு, மீண்டும் ஒன்று எடுங்கள். முதல் எண் இடமிருந்து வலம், இரண்டாவது கீழிருந்து மேல். அந்தப் புள்ளியே கோட்டின் நடு. வட்டத்துக்கு வெளியே விழுந்தால் விட்டுவிடுங்கள். நாணயத்தில் தலை விழுந்தால் கிடைக்கோடு, பூ விழுந்தால் நெடுக்கோடு. பகடையில் விழும் ஒவ்வொரு புள்ளிக்கும் அரை செ.மீ. நீளம். உச்சியிலிருந்து 4 செ.மீ.க்குள் வருபவற்றைப் பாதியாகக் குறையுங்கள். 150 கோடுகள் வரை பொறுமை வேண்டும். ஒருவர் சீட்டெடுக்க, மற்றவர் வரைவது நல்லது.

இதற்கிடையே, ஓவியத்தில் கைதேர்ந்த நண்பர் ஒருவர் அதே அளவில், அதே பேனாவால், 150 கோடுகளைத் தம் விருப்பப்படி அடுக்கட்டும். இரண்டையும் நகலெடுத்து வகுப்பில் காட்டுங்கள்.

30 பேரில் 17 பேர் சரியாகச் சொன்னால் உடனே துள்ளிக் குதிக்காதீர்கள்! 10 முதல் 20 வரையிலான விடைகள் வெறும் ஊகத்திலேயே வந்துவிடும். 6 அல்லது 24 என்று வந்தால்தான் யோசிக்க வேண்டும். இன்னொன்று: எது பகடையின் படம் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் முகமே காட்டிக்கொடுத்துவிடலாம். ஆகவே, அதை அறியாத வேறொருவர் படங்களைக் காட்டி விடைகளைக் குறித்துக்கொள்ளட்டும்.