தூரத்தில் துணை, வளாகத்தில் தனிமை: மாணவர் கிளப் தொடங்குவது எப்படி?

நீங்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கிறீர்கள். உங்கள் காதலரோ, நிச்சயமானவரோ, கணவரோ, மனைவியோ வேறு ஊரில் இருக்கிறார். பலருக்கு வேறு நாட்டில். அதே வளாகத்தில் உங்களைப் போல இன்னும் பலர் இருப்பார்கள். யார் யார் என்றுதான் தெரியாது. அவர்களைக் கண்டுபிடித்து ஒரு கிளப் தொடங்க முடியுமா? முடியும். அதற்கு என்ன செய்ய வேண்டும், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"இது இரண்டு பேர் விஷயம். இதற்கெல்லாம் கிளப் எதற்கு?"

உறவு இரண்டு பேருடையதுதான். தனிமை உங்களுடையது மட்டும். புது ஊரில் ஆளில்லாதபோது பரீட்சை பயம், வாடகைத் தகராறு, காய்ச்சல், பேராசிரியர் முகம் சுளித்தது எல்லாமே ராத்திரி ஒன்பது மணி போனில்தான் இறங்கும். ஒருவர் எவ்வளவுதான் கேட்பார்? அவருக்கும் அன்றைய பாடு இருக்கிறதே. பல சண்டைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

உங்கள் உறவைச் சரிசெய்வது கிளப்பின் வேலை அல்ல. இங்கே உங்களுக்கென்று நாலு பேரைச் சேர்த்துத் தருவதுதான் அதன் வேலை. அந்த நாலு பேர் இருந்தால் போனில் கிடைக்கும் அரை மணி நேரம் புலம்பலில் கரையாமல் மிஞ்சும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகளை எடுப்பது எளிது.

"தூரத்து உறவு எப்படியும் நிலைக்காது என்கிறார்களே?"

அப்படி அடித்துச் சொல்ல முடியாது. கிரிஸ்டல் ஜியாங், ஜெஃப்ரி ஹேன்காக் என்ற இரு ஆய்வாளர்கள் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தூரத்தில் இருக்கும் ஜோடிகள் குறைவான தடவையே பேசிக்கொண்டாலும் மனம்விட்டுப் பேசுகிறார்கள், நெருக்கத்தில் அவர்கள் பின்தங்கிவிடவில்லை என்றது அது. ஒருவரை ஒருவர் இருப்பதைவிட உயர்வாக எண்ணிக்கொள்ளும் பழக்கம் அவர்களிடம் கூடுதலாக இருப்பதையும் கண்டது. பின்னர் இந்த இரண்டாவது விஷயத்துக்குத் திரும்ப வருவோம்.

யாரைச் சேர்த்துக்கொள்ளலாம்?

கதவை அகலமாகவே திறந்து வையுங்கள். பள்ளிக் காலக் காதலை வேறு மாநிலத்தில் விட்டு வந்த அமெரிக்க மாணவர்கள் இருப்பார்கள். துணைவர் ராணுவத்தில் இருப்பவர்கள் இருப்பார்கள். கோவையில் நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு முன்பே விமானம் ஏறியவர்கள் இருப்பார்கள். எஃப்-2 விசாவில் (மாணவரின் கணவர் அல்லது மனைவிக்குத் தரும் விசா) வருபவர் இங்கே வேலைக்குப் போக முடியாது. அதனால் சென்னையில் இருக்கும் வேலையை விட மனமில்லாத துணையைப் பிரிந்து வந்த திருமணமானவர்களும் உண்டு.

பதிவு பெற்ற மாணவர் கிளப் எல்லா மாணவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது பல பல்கலைக்கழகங்களின் விதி. ஆகவே "உனக்கு உண்மையிலேயே துணை உண்டா?" என்று யாரையும் சோதிக்க வேண்டியதில்லை. அது நல்லதும்கூட. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஆட்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ கிளப்புகள் எல்லாம் மேஜை போட்டு ஆள் சேர்க்கும் நாள் ஒன்று நடக்கும். இதுபோன்ற மேஜை முன் நின்று பெயர் எழுத யாருக்கும் கூச்சம் வரும். அதனால் பெயர் கேட்காதீர்கள். ஒரு பெரிய தாளை விரித்து, துணை இருக்கும் ஊரையும் நேர வித்தியாசத்தையும் மட்டும் எழுதச் சொல்லுங்கள். "மதுரை, ஒன்பதரை மணி நேரம்." "சியாட்டில், மூன்று." "சியோல், பதின்மூன்று." தாள் நிறைய நிறைய, கடந்து போகிறவர்கள் நின்று படிப்பார்கள். கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் அச்சிட்ட சின்ன அட்டையை எடுத்துப் போக வையுங்கள். அதுவே போதும்.

வெளிநாட்டு மாணவர் அலுவலகம், நூலகம், விடுதியில் துணி துவைக்கும் அறை ஆகிய இடங்களில் ஒரு தாள் ஒட்டலாம். எங்கெல்லாம் ஒட்ட அனுமதி உண்டு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவு செய்ய என்னென்ன வேண்டும்?

மாணவர் செயல்பாட்டு அலுவலகத்துக்குப் போனால் படிவம் தருவார்கள். பொதுவாக மூன்று விஷயங்கள் கேட்பார்கள்: பொறுப்பாளர்களாகச் சில மாணவர்கள், கான்ஸ்டிட்யூஷன் (கிளப்பின் விதிமுறை), அட்வைசர் (பொறுப்பு ஏற்கும் ஆசிரியர் அல்லது ஊழியர்). எத்தனை பேர் வேண்டும், எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

விதிமுறை என்றதும் பயப்பட வேண்டாம். மாதிரி வடிவத்தை அலுவலகமே கொடுக்கும். நோக்கம் என்ற இடத்தில், "தொலைவில் அன்புக்குரியவர் உள்ள மாணவர்கள் கூடிப் பழகவும் ஒருவருக்கொருவர் துணை நிற்கவும்" என்று எழுதினால் போதும். "ஆலோசனை தருவோம்", "சிகிச்சை" போன்ற சொற்களைப் போடாதீர்கள். அவை பயிற்சி பெற்றவர்களின் வேலை.

"இப்படி ஒரு கிளப்பா என்று மறுத்துவிட்டால்?" அரசுக் கல்லூரி ஒன்று, ஒரு மாணவர் குழுவின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அங்கீகாரம் மறுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-இல் ஹீலி எதிர் ஜேம்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. தனியார் கல்லூரிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே கல்லூரியின் சொந்த விதிதான் பேசும். ஆனால் வழக்கு வரை யோசிக்கவே தேவையில்லை. படிவத்தில் ஏதோ ஒன்று குறைவதால்தான் பெரும்பாலும் விண்ணப்பம் திரும்பி வரும். சரிசெய்து திரும்பக் கொடுங்கள்.

"எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன். பொறுப்பு ஏற்றால் சிக்கல் வருமா?" சம்பளம் இல்லாத கிளப் பொறுப்பு வேலைக் கணக்கில் வராது. கைக்குப் பணம் வரும் ஏற்பாடு ஏதாவது இருந்தால் மட்டும், ஒப்புக்கொள்ளும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

பணத்துக்கு என்ன வழி?

செமஸ்டர் கட்டணத்தோடு ஒரு மாணவர் செயல்பாட்டுக் கட்டணமும் பெரும்பாலும் சேர்ந்தே போகிறது. அந்தப் பணத்திலிருந்துதான் கிளப்புகளுக்குப் பங்கு தருகிறார்கள். நீங்களும் கட்டியவர்தான், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அரசுப் பல்கலைக்கழகங்கள் இந்தப் பணத்தைக் குழுக்களின் கருத்தைப் பார்த்து ஓரவஞ்சனை செய்யாமல் பிரிக்க வேண்டும் என்பதும் 2000-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆனால் தனிப்பட்ட பரிசுப் பொருள் வாங்க இதைச் செலவழிக்கக் கூடாது என்ற விதி பல இடங்களில் உண்டு. சாப்பாடு, அச்சுச் செலவு என்று கேட்பது பாதுகாப்பு.

கூட்டத்தை எந்த நேரத்தில் வைப்பது?

இந்தக் கிளப் பிழைப்பதும் படுப்பதும் இந்த முடிவில்தான். மற்ற கிளப்புகள் போல ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு வைத்தால் உங்கள் ஆட்கள் வர மாட்டார்கள். அதுதான் அவர்களுடைய போன் நேரம். நியூயார்க், பாஸ்டன் பக்கம் கோடைக்கால நேரக்கணக்கில் இரவு 9 மணி என்றால் சென்னையில் காலை 6.30.

தூரத்தில் இருப்பவர் தூங்கும் நேரத்தைத் தேடுங்கள். இங்கே மாலை 5 முதல் 6.30 வரை என்றால் சென்னையில் பின்னிரவு 2.30 முதல் 4 மணி. யாருடைய போனும் அடிக்காது. கலிபோர்னியாவில் இருக்கும் துணைக்கு அது பகல் 2 மணி; அவர் வகுப்பிலோ வேலையிலோ இருப்பார். நீங்கள் இருக்கும் ஊருக்கும், உறுப்பினர்கள் எழுதிய ஊர்களுக்கும் இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கூட்டத்தில் என்ன செய்வது?

முதலில் சாப்பாடு. பிறகு விரும்பியவர் மட்டும் அந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்லலாம். மூன்று விதிகளை முதல் நாளே வையுங்கள். இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. கேட்காத யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது. இங்கே இல்லாதவரை விசாரணைக் கூண்டில் நிறுத்தக் கூடாது. அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அவர் அங்கே இல்லை.

எல்லாக் கூட்டமும் பேச்சாகவே இருந்தால் சோர்வு தட்டும். மாதம் ஒருமுறை கடிதம் எழுதும் மாலை வையுங்கள். அமெரிக்கத் தபால் துறையின் 'குளோபல் ஃபாரெவர்' தபால்தலை ஒன்றை ஒட்டினால் ஓர் அவுன்ஸ் (சுமார் 28 கிராம்) எடையுள்ள கடிதம் தபால் சேவை உள்ள எந்த நாட்டுக்கும் போகும். உறையோடு சேர்த்து நான்கு தாள் தாராளமாக எழுதலாம். எதிரெதிரே உட்கார்ந்து எழுதும்போது, என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவைக் கடிப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவரே ஒரு வரி எடுத்துக் கொடுப்பார். புதியவர்கள் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி குறைவு.

வீட்டுக்குத் தெரியாமல் காதலிப்பவர் எப்படி வருவார்?

இது மிக முக்கியம். கூட்டத்தில் எடுத்த ஒரு குரூப் போட்டோ இன்ஸ்டாகிராமில் ஏறினால், மறுநாளே திருச்சியில் இருக்கும் அத்தை பார்த்துவிடலாம். சிலருக்கு அது வெறும் சங்கடம். வேறு சாதி, வேறு மதம், ஒரே பால் என்று காதலிப்பவருக்கு ஆபத்தாகவே முடியலாம்.

ஆகவே கூட்டத்தில் போட்டோ வேண்டாம். விளம்பரத்துக்குப் படம் தேவையென்றால் கடித உறைகளை, சாப்பாட்டு மேஜையை எடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் எல்லோருக்கும் நம்பர் தெரியும் என்பதை முன்பே சொல்லுங்கள். பல்கலைக்கழகத் தளத்தில் உறுப்பினர் பட்டியலை யார் யார் பார்க்க முடியும் என்று அலுவலகத்தில் கேட்டு, அதையும் சொல்லிவிடுங்கள்.

யாராவது பிரிந்துவிட்டால்?

அவருக்குக் கிளப் மிகவும் தேவைப்படும் வாரம் அதுதான். "இனி நான் வரக் கூடாதோ" என்று அவர் தயங்குவார். யாரும் தகுதி காட்ட வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். பொறுப்பாளர் ஒருவர் நேரில் போய் "வியாழக்கிழமை வாங்க, சாப்பிட மட்டுமாவது வாங்க" என்று கூப்பிட வேண்டும்.

"கிளப்பிலேயே இரண்டு பேர் நெருங்கிவிட்டால்?" பெரியவர்கள் அவர்கள், கண்காணிப்பது உங்கள் வேலை அல்ல. யாராவது தொந்தரவு செய்வதாகப் புகார் வந்தால் மட்டும் உடனே அட்வைசரிடம் போங்கள்.

நம்மால் தாங்க முடியாத பிரச்சினை வந்தால்?

நள்ளிரவில் வீடியோவில் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வது, லொகேஷனை எப்போதும் பார்த்துக்கொண்டே இருப்பது, படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டுவது இவையெல்லாம் அன்பில் சேராது. இப்படி ஒருவர் சொன்னால் கிளப்பில் வைத்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள். வளாகத்தின் மனநல ஆலோசனை மையத்துக்குக் கூடவே போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகச் சொன்னால், அமெரிக்காவில் எங்கிருந்தும் 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாலியல் துன்புறுத்தல் பற்றிக் கேள்விப்பட்டால் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை பல ஊழியர்களுக்கு உண்டு. உங்கள் அட்வைசரும் அதில் அடங்கலாம். ஆலோசனை மையத்தில் சொல்வது பொதுவாக ரகசியமாக இருக்கும். இந்த வேறுபாடு தெரிந்தால்தான் யாரிடம் எதைச் சொல்வது என்று உறுப்பினரே முடிவு செய்ய முடியும்.

வருடத்தில் எந்த நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும்?

நவம்பர் முதல் ஞாயிறு. அன்று அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும், இந்தியாவில் மாறாது. இரவு 9 மணிப் பேச்சு சென்னையில் 6.30-லிருந்து 7.30-க்குத் தள்ளிப்போகும். காபியோடு நிதானமாகப் பேசியவர் இப்போது பஸ் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார். "முன்னைப் போல் பேசுவதில்லை" என்ற மனத்தாங்கல் இப்படியும் வரும். அக்டோபர் கடைசிக் கூட்டத்தில் எல்லோரும் புது நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரம் திரும்ப முன்னே போகும்போதும் அப்படியே.

நவம்பர் நான்காம் வியாழன், நன்றி நவிலும் நாள். அமெரிக்க மாணவர்கள் ஊருக்குப் போய், கல்லூரிக்கு வந்தபின் முதல்முறை துணையோடு நேரில் பேசி, சிலர் பிரிந்து திரும்புவார்கள். வெளிநாட்டு மாணவர்கள் காலியான வளாகத்தில் இருப்பார்கள். அன்று ஒரு பொதுச் சாப்பாடும், அடுத்த வாரமே ஒரு கூட்டமும் கட்டாயம் வையுங்கள்.

மே மாதம், துணையோடு சேரும் காலம். 2006-இல் லாரா ஸ்டாஃபோர்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஊருக்கு வந்து சேர்ந்த ஜோடிகளில் மூன்றில் ஒரு பங்கினர் மூன்று மாதத்துக்குள் பிரிந்தது தெரிந்தது. மேலே சொன்ன உயர்வாக எண்ணும் பழக்கத்தால் தூரத்தில் மனதில் கட்டிய உருவம் வேறு, தினமும் பார்க்கும் மனிதர் வேறு. போனில் தெரியாத பழக்கங்கள், யார் சமைப்பது, தனக்கென்று எவ்வளவு நேரம் என்பவற்றை இருவரும் முன்பே பேசிக்கொள்ள ஏப்ரலில் ஒரு கூட்டம் ஒதுக்குங்கள்.

நீங்கள் படிப்பு முடித்துப் போன பிறகு?

முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். பல இடங்களில் பதிவையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதனால் ஏப்ரலுக்குள் அடுத்த பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, தேதிகள், படிவங்கள், பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் ஒப்படையுங்கள்.

இப்போதைக்கு இதெல்லாம் பெரிதாகத் தோன்றினால் இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். வகுப்பிலோ விடுதியிலோ, போன் வந்ததும் எழுந்து வெளியே போகும் ஒருவரிடம் "உங்கள் ஆள் எந்த ஊரில்?" என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் நீங்கள் இரண்டு பேர் ஆகிவிட்டீர்கள். படிவம் வாங்க இரண்டு பேராகப் போங்கள்.