ஏக்கமா, அடமா?

பிள்ளையின் மனச்சிக்கல் ஆசிரியருக்கு முதலில் தெரிவது பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில்தான். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இது கண்கூடு. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டுப் பக்கத்து மலையாளி பழங்குடிக் குடும்பங்கள் பலவும் காபி, மிளகு பறிக்கக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் எஸ்டேட் வேலைக்குப் போகின்றன. அரையாண்டுத் தேர்வுக்கும் முழு ஆண்டுத் தேர்வுக்கும் இடைப்பட்ட மாதங்கள் அவை. பிள்ளையும் கூடவே போகும். இல்லையென்றால் பாட்டியிடமோ ஹாஸ்டலிலோ தங்கும்.

அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் சின்னஞ்சிறு வயதிலேயே வீட்டைப் பிரிந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. இரவில் அழுவது, படுக்கையை நனைப்பது, அடிக்கடி வயிற்றுவலி என்பது, லீவு முடிந்தும் திரும்பாமல் இருப்பது எல்லாம் அங்கே வழக்கம். இவற்றை அடம் என்று எடுத்துக்கொள்ளும் ஆசிரியரும் உண்டு, ஏக்கம் என்று புரிந்துகொள்பவரும் உண்டு. பிள்ளை படிப்பைத் தொடருமா என்பதைப் பல நேரம் இந்த வேறுபாடே தீர்மானிக்கிறது. பல இடங்களில் ஆசிரியரே வார்டன் பொறுப்பையும் பார்க்கிறார். பகலில் வீட்டுப்பாடத்துக்காகக் கண்டித்தவரிடமே இரவில் மனம் திறக்க வேண்டிய நிலை பிள்ளைக்கு.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மனிதருக்கு மூன்று அடிப்படை உளத்தேவைகள் உண்டு என்றனர்: தானே முடிவெடுத்தல், தன்னால் முடியும் என்ற உணர்வு, பிறரோடு ஒட்டுதல். உறைவிடப் பள்ளியில் ஒட்டுதல் இல்லாமல் மற்ற இரண்டுக்கும் இடமே இல்லை.

மலையடிவாரத்தில் சிக்கல் வேறு. 2022 ஜூலையில் கனியாமூர் தனியார் பள்ளி மாணவி ஒருவர் இறந்ததும், பள்ளி தாக்கப்பட்டுப் பேருந்துகள் எரிக்கப்பட்டன. கண்டிப்புக்கும் அக்கறைக்கும் எல்லை எது என்ற கேள்வி ஆசிரியர் அறைகளுக்குள்ளும் வந்தது. 2024 ஜூனில் பள்ளி திறந்து பத்து நாளுக்குள் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அரசு மாத உதவித்தொகையும் வைப்புநிதியும் அறிவித்தது. வகுப்பில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் என்ன பேசுவது, எதைப் பேசாமலிருப்பது என்பதை ஆசிரியர்தான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

பள்ளிக்கல்வித் துறையின் 14417, சிறார் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்கள் உள்ளன. ‘மாணவர் மனசு’ பெட்டியும் உண்டு. தொல்லையைப் புகாராக எழுத அது உதவும். அம்மா நினைப்பை யாரும் புகாராக எழுதிப் போடுவதில்லை. சிக்னல் கிடைக்காத மலை ஊர்களில் தொலைபேசி எண்ணும் அரைகுறை உதவிதான். வார்டன் வேலைக்குத் தனி ஆள், முறையாக வந்துபோகும் ஆலோசகர், எஸ்டேட்டில் இருக்கும் பெற்றோரிடம் வாரம் ஒருமுறை பிள்ளையைப் பேசவைக்கும் ஏற்பாடு ஆகிய மூன்றும் இங்கே உடனடித் தேவை. மூன்றாவதற்குச் செலவு மிகக் குறைவு.