மனு கொடுக்கும் அரண்மனை

திங்கட்கிழமை காலையில் கையில் மனுவோடு புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகத்துக்கு வருகிறவர்கள், தாங்கள் நுழைவது ஒரு மன்னரின் வீட்டு வாசலுக்குள் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று அவரவர் கவலை அவரவருக்கு. அந்தக் கட்டடம் தொண்டைமான் வம்சத்தின் கடைசி அரசர் ராஜகோபாலத் தொண்டைமானின் புதிய அரண்மனை. 1928 இல், ஆறு வயதில் பட்டத்துக்கு வந்தவர் அவர். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974 ஜனவரி 14 அன்று திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்துப் புதுக்கோட்டை மாவட்டம் உருவாக்கப்பட்டது. அரண்மனை ஆட்சியர் அலுவலகமானது. கல் கட்டுமானமும் உயர்ந்த வளைவுகளும் கொண்ட அந்த மாளிகை இன்றும் நிமிர்ந்து நிற்பதற்கு மரபு மீதான பக்தியைக் காட்டிலும் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. அங்கே தினமும் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். கூரை ஒழுகினால் கோப்பு நனையும். கோப்பு நனைந்தால் பொதுப்பணித் துறைக்குக் கடிதம் போகும். பூட்டிக்கிடக்கும் மாளிகையில் ஒழுகினால் கேட்க ஆளில்லை. ஆலங்கன்று காரையில் வேர்விட்டு, இரண்டு மழைக்காலத்தில் சுவரைப் பிளந்துவிடும்.

இந்தச் சாதாரண உண்மையை இப்போது எடுத்துப் பேசக் காரணம் இருக்கிறது. 1912 இல் நகராட்சியான புதுக்கோட்டை, 2024 ஆகஸ்டில் மாநகராட்சியானது. பெயர்ப்பலகை மாறியதும் மனை விலை மாறும். மனை விலை மாறியதும் ராஜ வீதிகளில் எஞ்சியிருக்கும் ஓட்டு வீடுகளையும் தூண் வைத்த திண்ணைகளையும் பார்க்கும் கண் மாறும். அப்போது எழும் வாதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஒரு தரப்பு ‘வளர்ச்சி வேண்டாமா?’ என்று கேட்கும். இன்னொரு தரப்பு ‘பழமையை அழிப்பதா?’ என்று கேட்கும். இரு தரப்புமே உயரமான கட்டடமும் பழைய கட்டடமும் ஒரே இடத்தில் வாழ முடியாது என்று முடிவுகட்டிக்கொண்டு பேசுகின்றன. அந்த முடிவே தவறு என்பது என் வாதம். பழைய கட்டடத்தை முழுதாக, புழக்கத்தில் வைத்துக்கொண்டே பக்கத்தில் உயரமாகக் கட்டலாம். உயரத்தின் வருமானத்தைக் கொண்டே பழையதைப் பேணவும் செய்யலாம். அதற்கு வேண்டியது, உயரம் எங்கே வரலாம் எங்கே வரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஒரு கணக்கு.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மையத்தில் ‘மெல்போர்ன் சென்ட்ரல்’ என்று ஒரு வளாகம் 1991 இல் திறக்கப்பட்டது. வானளாவிய அலுவலகக் கோபுரம், அடுக்கடுக்கான கடைகள், நிலத்துக்கடியில் ரயில் நிலையம். இவற்றுக்கு நடுவே 50 மீட்டர் உயரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல் கோபுரம் ஒன்று அப்படியே நிற்கிறது. அது துப்பாக்கிக் குண்டு செய்த இடம். உருக்கிய ஈயத்தை உச்சியிலிருந்து சல்லடை வழியே ஊற்றுவார்கள். விழும் வழியில் துளிகள் தாமாக உருண்டையாகிக் கீழே தண்ணீர்த் தொட்டியில் இறுகும். அந்த வேலைக்கு உயரமே கருவி என்பதால்தான் அதைக் கோபுரமாகக் கட்டினார்கள். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா அதை இடிக்காமல், 84 மீட்டர் உயரக் கண்ணாடிக் கூம்பு ஒன்றை மேலே கவிழ்த்தார். கடைக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் பொருளாக அது மாறிவிட்டது. இன்னும் நெருக்கமான உதாரணம் சிங்கப்பூரின் சவுத் பீச் வளாகம். பீச் ரோட்டில் பழைய இராணுவ முகாமின் கட்டடங்கள் சில இருந்தன. அவற்றை நிறுத்திவைத்துக்கொண்டு, பக்கத்திலேயே அலுவலகத்துக்கு ஒன்றும் விடுதி, குடியிருப்புக்கு ஒன்றுமாக 34, 45 மாடிகளில் இரண்டு கோபுரங்களை எழுப்பினார்கள். பழைய முகாமும் அந்த வளாகத்தின் அன்றாடப் புழக்கத்துக்குள் வந்துவிட்டது. அங்கே சதுர அடிக்குக் கிடைக்கும் வாடகை புதுக்கோட்டையில் கிடைக்காது, உண்மைதான். ஆனால் பழைய கட்டடத்துக்கு வாடகை கிடைக்க வேண்டும் என்ற விதி இரண்டு ஊருக்கும் பொது.

மாறாக நடந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். சென்னை அண்ணா சாலை போதும். 1959 இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் அன்றைக்கு இந்தியாவிலேயே உயரமானது என்று பேர் வாங்கியது. சென்னைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் அதன் மாடிகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். அதே சாலையில் அதே நிறுவனத்துக்குச் சொந்தமான இன்னொரு கட்டடம் உண்டு: பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். மருந்து வணிகர் டபிள்யூ. ஈ. ஸ்மித்துக்காக ஜே. எச். ஸ்டீஃபன்ஸ் வரைந்து 1897 இல் எழுந்தது. 2006 இல் இடிப்பு வேலை தொடங்கியது. மரபுக் காப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் போனது. 2010 இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றது. தீர்ப்பு சுவரைக் காப்பாற்றியது. உள்ளே குடிவைக்க ஒரு தீர்ப்பால் முடியாது. ஆண்டுக்கணக்காகச் செடி முளைத்துச் சிதைந்து கிடந்தது. கொஞ்சம் தள்ளி, ஸ்பென்சர் கதை வேறு. 1890களில் எழுந்த பழைய ஸ்பென்சர் கட்டடம் 1983 தீவிபத்தில் பாழானது. அந்த இடத்தில் ஸ்பென்சர் பிளாசா வந்தது. ஆக, ஒரே சாலையில் மூன்று விதிகள்: உயரம் தனியே நின்றது, பழமை தனியே சிதைந்தது, இன்னொரு பழமையின் பெயர் மட்டும் வணிக வளாகத்தில் மிஞ்சியது. இரண்டையும் சேர்த்துக் கட்டிப்பார்க்கலாமே என்ற யோசனைக்கு அந்தச் சாலையில் இடமே கிடைக்கவில்லை.

மெல்போர்னில் முடிந்தது சென்னையில் ஏன் முடியவில்லை? ரசனை குறைவு என்று சொல்லிவிட்டால் சுலபம். ஆனால் காரணம் கணக்கில் இருக்கிறது. நம் கட்டட விதிகள் ஒரு மனையின் மதிப்பை ‘எஃப்.எஸ்.ஐ.’ என்ற எண்ணால் அளக்கின்றன. மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் போடலாம் என்பதே அந்த எண். தமிழ்நாட்டின் 2019 ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த விதிகள்படி 18.30 மீட்டருக்கு உட்பட்ட கட்டடத்துக்கு அது 2. அதற்கு மேல் போகும் உயர்மாடிக் கட்டடத்துக்கு, சாலையின் அகலத்தைப் பொறுத்து, 3.25 வரை போகலாம். கீழ ராஜ வீதியில் பத்து சென்ட் மனையில் ஒரு பழைய வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மனை 4,356 சதுர அடி, எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் 8,712 சதுர அடி கட்டலாம். முற்றமும் திண்ணையுமாக விரிந்த அந்த வீட்டில் கட்டிய தளம் 3,000 சதுர அடிதான். மீதி 5,712 சதுர அடி காகிதத்தில் தூங்குகிறது. வீட்டை இடித்தால் தவிர அதைக் காசாக்க வழியில்லை. அப்படியிருக்க, இடிப்பவரைப் பேராசைக்காரர் என்று ஏசுவது சரியில்லை. விதியே அவர் கையில் கடப்பாரையைக் கொடுத்து அனுப்புகிறது.

நியூயார்க் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் கவனிக்கத்தக்கது. 1913 இல் கட்டிய கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தலைமேல் ஐம்பதுக்கு மேற்பட்ட மாடிகளை ஏற்ற அதன் உரிமையாளரான ரயில் நிறுவனம் 1960களின் இறுதியில் திட்டமிட்டது. நகரம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1978 இல் நகரத்தின் பக்கம் தீர்ந்தது. அந்தத் தீர்ப்பு நின்றதற்கு ஒரு காரணம், நகரம் நிறுவனத்தை வெறுங்கையோடு அனுப்பவில்லை என்பது. நிலையத்துக்கு மேலே கட்டாமல் விட்ட தளப்பரப்பைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள அனுமதி இருந்தது. பின்னாளில் அருகே எழுந்த ‘270 பார்க் அவென்யூ’ கோபுரத்தின் உயரத்தில் ஒரு பங்கு அப்படி நிலையத்திலிருந்து வாங்கியது. பழைய நிலையம் தன் தலைக்கு மேல் இருந்த ஆகாயத்தை விற்றுப் பிழைத்துக்கொண்டது என்று சொல்லலாம். இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. சாலை அகலப்படுத்த நிலம் விட்டவர்களுக்கு வேறிடத்தில் கூடுதலாகக் கட்டும் உரிமை தருவது தமிழ்நாட்டிலும் உண்டு. சாலைக்கு இடம் விட்டவருக்குக் கொடுப்பதை, ஊரின் முகத்தைக் கெடுக்காமல் விட்டவருக்கும் புதுக்கோட்டையில் கொடுத்துப் பார்க்கலாம். ராஜ வீதி வீட்டுக்காரர் தன் 5,712 சதுர அடியைப் புறநகரில் அகலச் சாலையில் உயர்மாடி எழுப்புகிறவருக்கு விற்கட்டும். வந்த பணத்தில் ஓடு மாற்றட்டும், கீழ்த்தளத்தைக் கடைக்கு விடட்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும்: முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே குடலை உருவிய கட்டடங்களை உலகம் நிறையப் பார்த்திருக்கிறதே, இதுவும் அங்கேதான் போய் முடியும் என்பது. ஈழத்தமிழர் பெருவாரியாக வாழும் டொராண்டோவில் புரூக்ஃபீல்டு பிளேஸ் என்ற வளாகம் இருக்கிறது. 53 மாடியும் 49 மாடியுமாக இரண்டு அலுவலகக் கோபுரங்கள், நடுவே சாண்டியாகோ கலத்ராவா அமைத்த கண்ணாடிக் கூடம். 1845 இல் கட்டிய வங்கி ஒன்றின் கல் முகப்பைக் கழற்றி அந்தக் கூடத்துக்குள் நிறுத்திவைத்திருக்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் கதவைத் திறந்தால் வங்கி இல்லை. நியூயார்க்கின் ஹெர்ஸ்ட் டவரும் அப்படியே: 1928 ஆம் ஆண்டு ஆறு மாடிக் கட்டடத்தின் உள்ளீட்டை நீக்கி, வெளிச்சுவரை மட்டும் வைத்து, நார்மன் ஃபாஸ்டர் 2006 இல் 46 மாடி எழுப்பினார். மறுப்பில் நியாயம் இருப்பதால்தான் நான் ‘முழுதாக, புழக்கத்தோடு’ என்று சொன்னேன். டொராண்டோ வளாகத்தின் இன்னொரு மூலையிலேயே அதற்குச் சான்று உண்டு. 1885 இல் கட்டிய பாங்க் ஆஃப் மான்ட்ரியல் கட்டடம் தன் கூடத்தோடும் கண்ணாடிக் குவிமாடத்தோடும் ஐஸ் ஹாக்கி அருங்காட்சியகமாக உயிரோடிருக்கிறது. ஆள் புழங்கும் அறை எது, சுவரில் ஒட்டிய தோல் எது என்று விதியில் பிரித்து எழுதினால் போதும். செட்டிநாட்டு வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. தூணையும் கதவு நிலையையும் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் விலை பேசி வாங்கிப் புது பங்களாவின் வரவேற்பறையில் பொருத்துவது ஒன்று. திருமயம் பக்கத்துக் கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் முற்றமும் பட்டாசாலையும் குலையாமல் தங்கும் விடுதியாக நடப்பது இன்னொன்று.

வேறொரு மறுப்பு அரசியல் சார்ந்தது. மன்னர் மாளிகையையும் சமஸ்தானத்துக் கட்டடங்களையும் மக்களாட்சிக் காலத்தில் ஏன் தாங்கிப்பிடிக்க வேண்டும்? அரண்மனை வாசலில் மனுவோடு நிற்கும் கூட்டத்தைவிட நல்ல பதில் இதற்கு இல்லை என்பேன். மேலும், புதுக்கோட்டையில் காக்க வேண்டியதில் பெரும்பங்கு மாளிகையே அல்ல, வீதி. 1812 இல் ஊர் தீக்கிரையான பிறகு, தொண்டைமானுக்கு ஆங்கிலேய அதிகாரி மேஜர் பிளாக்பர்ன் சொன்ன யோசனைப்படி நேரான அகல வீதிகளாக ஊர் மறுபடி எழுந்தது. 1878 முதல் 1894 வரை நிர்வாகம் நடத்திய திவான் சேஷையா சாஸ்திரி அந்த அமைப்பைச் சீராக்கினார், பொது அலுவலகம் முதலான கட்டடங்களைக் கொண்டுவந்தார், நகரக் குளங்களைச் செப்பனிட்டார். பழைய அரண்மனையைச் சுற்றி நான்கு ராஜ வீதிகள், அதற்கு வெளியே இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று எண் போட்ட வரிசை. புதிதாக வருகிறவர் முகவரியைக் கேட்டாலே திசையும் தூரமும் தெரிந்துவிடும். சித்தன்னவாசலுக்கும் திருமயம் கோட்டைக்கும் மத்தியத் தொல்லியல் சட்டம் காவல் இருக்கிறது. சுற்றி 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். இந்த வீதிகளுக்கு அப்படி எதுவும் இல்லை. மாநில மரபு ஆணையச் சட்டமும் 2012 இல் நிறைவேறி, பன்னிரண்டு ஆண்டு கழித்து 2024 இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் எத்தனை ஓட்டுக்கூரை இறங்கியதோ!

செலவு என்ற மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் மூச்சு விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்னும். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனாருக்குக் கூலி அதிகம், ஆளும் குறைவு. பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்கு ஆழமாகத் தோண்டினாலோ பாறையை உடைத்தாலோ அதிர்வு பழைய சுவரில் விரிசலாக வரும். ஆகவே முட்டுக் கொடுத்து, விரிசலை அளந்துகொண்டே மெதுவாகத் தோண்ட வேண்டும். இத்தனையும் ஒரு தனி வீட்டுக்காரர் தலையில் ஏற்றினால் அவர் இடித்துத்தான் போடுவார். உயரத்தில் லாபம் பார்க்கிறவர் அனுமதி வாங்கும்போதே இந்தச் செலவை ஏற்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

உயர்மாடிக்கு இடம் குறிக்கும்போது புதுக்கோட்டையில் கட்டடத்தைவிட முக்கியமான ஒன்று கண்ணுக்குப் படாமல் போகும். வற்றாத ஆறு இல்லாத இந்த ஊர் குளத்தாலும் ஊருணியாலும் பிழைத்தது. பல்லவன் குளமும் புதுக்குளமும் தனித்தனிப் பள்ளங்கள் போலத் தோன்றினாலும் வரத்து வாரிகள் நீரைக் கொண்டுவந்தால்தான் அவை குளம். கார் நிறுத்தத் தரைக்கடியில் இரண்டு தளம் தோண்டும் வளாகம் ஒன்று, எந்தப் பழைய சுவரையும் தொடாமலே, ஒரு வாரியை அடைத்துக் குளத்தைக் காயவைத்துவிட முடியும். சேஷையா சாஸ்திரி வீதியையும் குளத்தையும் ஒரே வேலையாகப் பார்த்தார். மாநகராட்சி தன் வரைபடத்தில் மாடிகளை எண்ணுவதற்கு முன், நீர் எந்த வீதிக்குக் குறுக்கே எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கோடு போட வேண்டியிருக்கும்.