தில்லியில் சைக்கிளில் அலுவலகம்

"சைக்கிள்லயா ஆபீஸ் போறீங்க?" என்று சங்கத்து அன்பர்கள் கேட்பதுண்டு. கிரீன் பார்க்கிலிருந்து லோதி ரோடு ஐந்து கிலோமீட்டர் சுமார்தான். அரை மணி போதும். ஜூன் வெயிலுக்கு சீக்கிரமே கிளம்பி, ஆபீசில் சட்டை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. ஜனவரி மூடுபனிக்குப் பின்பக்கம் சிவப்பு விளக்கு வேண்டும்.

உண்மையான சிக்கல் மேம்பாலங்கள்தான். எய்ம்ஸ் சந்திப்பைப் பாருங்கள். வண்டிகள் நிற்காமல் போகவென்றே கட்டியது. ரிங் ரோடுக்குத் திரும்புகிறவர்கள் வேகம் குறைக்காமல் இடப்பக்கம் பிரிவார்கள். சைக்கிள்காரனும் இடது ஓரத்தில்தான் வருகிறான், ஆனால் அவன் நேரே போகவேண்டியவன். எனவே எல்லோரும் அவனுக்குக் குறுக்கே பாய்கிறார்கள். அதைத் தாண்டினால் அடுத்த கிளைச்சாலைக் கூட்டம், அதுவும் இடப்பக்கமிருந்தே. கை காட்டினால் நிற்பார்கள் என்று நம்பாதீர்கள். நான் இறங்கி, திரும்பிப் பார்த்து, இடைவெளி கிடைத்ததும் உருட்டிக்கொண்டே கடந்துவிடுவேன். இரண்டு நிமிஷம் கூடும், அவ்வளவுதான்.

அம்பேத்கர் நகர்–மூல்சந்த் இடையே 2008-இல் வந்த 5.8 கி.மீ. பி.ஆர்.டி. சாலையில் சைக்கிளுக்கென்று தனித்தடம் இருந்தது. மோட்டார் சைக்கிள்கள் அதிலும் புகுந்தன என்பது வேறு விஷயம்! 2016-இல் அந்தச் சாலையமைப்பையே பிரித்துவிட்டார்கள். கார்க்காரர்களின் குரல்தான் அப்போது பலமாகக் கேட்டது. தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிற கொத்தனார், காவலாளியின் குரல் அவ்வளவாகக் கேட்கவில்லை.

லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்பலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வழியில் எய்ம்ஸ் வராவிட்டால் தாராளமாக அனுப்பலாம். வந்தால் பஸ்ஸே சரி.